இரண்டு பள்ளி, ஒரு வீடு

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பள்ளியில் வேலை கிடைத்தால் அதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஒரே வண்டியில் போகலாம், ஒரே நேரத்தில் வீடு திரும்பலாம், ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மற்றவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் உண்மைதான். ஆனாலும் தாய்லாந்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரப்போகும் தம்பதிகள் யாராவது என்னிடம் கேட்டால், முடிந்தவரை வேறு வேறு பள்ளியாகப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நாங்கள் இருப்பது வடகிழக்கில், உடோன் தானி நகரத்தில். பாங்காக்கிலிருந்து சுமார் 560 கிலோமீட்டர். அதைவிட லாவோஸ் எல்லைதான் கிட்டே. ஒரு மணி நேரத்தில் நோங் காய் போய்விடலாம். அங்கே மேகோங் ஆற்றின் மேல் 1994இல் திறந்த நட்புப் பாலத்தைத் தாண்டி, அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் லாவோஸின் தலைநகர் வியன்டியான். எங்கள் விசா இரண்டும் அங்குள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் வாங்கியவைதான். வேலை பார்க்க வருபவர்களுக்கான விசா, 'நான் இமிகிரன்ட் பி' என்று அதற்குப் பெயர். சுற்றுலா விசாவில் வந்து வகுப்பெடுப்பவர்களும் உண்டு. மாட்டினால் அபராதம், நாடு கடத்தல் என்று போகும் விஷயம் அது. யாராவது "முதலில் வந்துவிடுங்கள், பேப்பர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

பட்டச் சான்றிதழ், காவல்துறைச் சான்று, வேலை அனுமதி, இதற்கெல்லாம் மேலே 'குருசபா' என்ற ஆசிரியர் மன்றத்தின் அனுமதி. ஆசிரியர் உரிமம் இல்லாதவர்களுக்குப் பள்ளி விண்ணப்பித்தால் அந்த மன்றம் 2 ஆண்டுகளுக்குத் தற்காலிக அனுமதி தரும். இந்திய பாஸ்போர்ட் என்றால் ஆங்கிலம் தெரியும் என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள், பெரும்பாலும் டோயிக் தேர்வில் 600 மதிப்பெண். பள்ளியிலும் கல்லூரியிலும் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்திலேயே படித்தவர்கள் அந்தத் தேர்வு அறையில் உட்கார்ந்து, விமான நிலைய அறிவிப்பைக் கேட்டு 'அ'வா 'ஆ'வா என்று குறிப்பது ஒரு அனுபவம். கோபப்பட்டுப் பயனில்லை. எழுதிவிட்டு வந்துவிட வேண்டும்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. வேலை விளம்பரங்களிலேயே 'தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர் மட்டும்' என்று போட்டிருப்பார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஒரு பட்டியல் ஓடும். விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்பதால், நாம் வாயைத் திறப்பதற்குள் பாதி முடிவு ஆகியிருக்கும். பட்டியலுக்கு வெளியே இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் அதே வகுப்பு, அதே பிள்ளைகள், சம்பளம் மட்டும் குறைவு. பல மாகாணப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்தைத் தூக்கி நிறுத்துவது பிலிப்பைன்ஸ் ஆசிரியைகள்தான் என்பதை அங்கே வேலை பார்த்த யாரும் மறுக்க மாட்டார்கள். என் கணவருக்கு இதில் ஒரு சமாதானம் உண்டு: "நம்ம உச்சரிப்பு அவங்களுக்குப் புரியுதா, அது போதும்." எனக்கு அந்தச் சமாதானம் இன்னும் வரவில்லை.

முதலில் இருவரும் ஒரே அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் சேர்ந்தோம். வேலைக்கு எடுத்தது ஒரு ஏஜென்சி. வகுப்புக்கு நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். காலை 8 மணிக்குக் கொடியேற்றி தேசிய கீதம், அப்புறம் பிரார்த்தனை, பிறகு தலைமுடி நீளம் பற்றி மைக்கில் நீண்ட உரை. வகுப்புக்குள் நுழைந்ததும் தலைவன் 'ஸ்டாண்ட் அப் ப்ளீஸ்' என்பான். எல்லாரும் எழுந்து ஒரே ராகத்தில் 'குட் மார்னிங் டீச்சர்' என்பார்கள். 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டால் 'ஐ ஆம் ஃபைன் தேங்க் யூ, அண்ட் யூ' என்று ஒரு மூச்சில் வந்து விழும். காய்ச்சலில் தலையைத் தூக்க முடியாமல் கிடப்பவனும் 'ஃபைன்' தான். அந்த ராகத்தை உடைத்து, "இன்றைக்குத் தூக்கம் வருகிறது" என்று ஒரு பிள்ளையைச் சொல்ல வைப்பதே என் முதல் பருவத்தின் சாதனை.

பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டில் இருக்கும் நீண்ட பெயர்கள் நமக்குப் பழகிய வடமொழி வாடையோடு இருக்கும், ஆனால் அந்தப் பெயரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் ஒரு செல்லப்பெயர்: பேங்க், கோல்ஃப், ஐஸ், பென்ஸ், ஃபிலிம். பீர் என்ற பெயருள்ள மாணவனைக் கண்டிக்கும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

உச்சரிப்பில்தான் வேலை சுவாரசியம். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் 'ஸ்' வராது, 'ல்' வந்தால் 'ன்' ஆகிவிடும். ஸ்கூல் 'சக்கூன்' ஆகும், ஃபுட்பால் 'ஃபுட்பொன்' ஆகும். ரைஸ், ரைட், ரைட்ஸ் மூன்றும் காதுக்கு ஒன்றுதான். இதைத் திருத்தும்போது நம் பக்கத்து ஓட்டையும் தெரிந்துவிடும். பல்லை உதட்டில் வைத்துச் சொல்லும் வகரம் தாய்லாந்து மொழியில் கிடையாது, உதட்டைக் குவித்துச் சொல்வது மட்டுமே உண்டு. தமிழர்களுக்கு நேர்மாறு. ஆகவே 'வெரி வெல்' என்ற இரண்டு சொல்லில் பிள்ளைகள் முதல் சொல்லைத் தவறவிட்டார்கள், என் கணவர் இரண்டாவதை. கண்ணாடி ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போய், உதடு எப்படிக் குவிகிறது, பல் எங்கே படுகிறது என்று ஒவ்வொருவரையும் பார்க்கச் சொன்னார். கடைசி வரிசைப் பையன்கள் அதை வைத்துத் தலை சீவிக்கொண்டார்கள். ஆனால் பாதி வகுப்புக்கு ஒலி வந்துவிட்டது, அவருக்கும்தான்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ' நடக்கும், ஆசிரியருக்கு வணக்கம் செலுத்தும் நாள். குருவுக்குரிய கிழமை என்பது இங்கேயும் வியாழன்தான். பிள்ளைகள் பூத்தட்டுகளை அவர்களே செய்து கொண்டுவருவார்கள். அதில் வெட்சிப்பூ, கத்தரிப்பூ, அருகம்புல் கட்டாயம் இருக்கும். வெட்சி மொட்டின் கூர்மை புத்திக்கு, தலை கவிழ்ந்து பூக்கும் கத்தரிப்பூ பணிவுக்கு, மிதித்தாலும் பரவும் அருகு விடாமுயற்சிக்கு. மேடையில் எங்களை அருகருகே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். பிள்ளைகள் முழங்காலிட்டு நகர்ந்து வந்து தட்டை நீட்டி வணங்கியபோது, எந்தக் கையால் வாங்குவது, வாங்கியதும் எங்கே வைப்பது என்று எதுவும் தெரியாமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பக்கத்தில் இருந்த தாய்லாந்து ஆசிரியை மெல்ல எங்கள் மடியிலிருந்து தட்டுகளை எடுத்துப் பின்னால் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவு நன்றாக இருந்த இடத்தில் என்னதான் சிக்கல்? முதலில், எங்களை ஒரே ஆளாகவே பார்த்தார்கள். விளையாட்டு விழாவுக்காக மதியம் வகுப்பு ரத்து என்றால் இருவரில் ஒருவரிடம் சொல்வார்கள், அதோடு வேலை முடிந்தது. வெளிநாட்டு ஆசிரியருக்குச் செய்தி கடைசியில்தான் வரும் என்பது இங்கே ஊரறிந்த விஷயம். எனக்கு அந்தக் கடைசிக்கும் அடுத்தபடியாக வரும். காலியான வகுப்பில் போய் நின்றால், போர்டில் என் கணவர் எழுதிய இலக்கணம் மட்டும் இருக்கும்.

இரண்டாவது, ஒரே பிள்ளைகளுக்கு அவர் இலக்கணமும் நான் பேச்சுப் பயிற்சியும் எடுத்தோம். இங்கே யாரையும் ஒரேயடியாகத் தோல்வி என்று எழுதிவிட முடியாது. பூஜ்யம் வாங்கியவனுக்கு மறுதேர்வு, அதற்கும் வராவிட்டால் ஒரு வேலை கொடுத்து மதிப்பெண் போட்டு விட வேண்டும். இதில் அவர் கறார், நான் அப்படியில்லை. பிள்ளைகளுக்கு இது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. அவரிடம் கட்ட வேண்டிய நோட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். பள்ளியில் விட்ட வாக்குவாதம் வண்டியில் தொடர்ந்து, வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கும் வந்து உட்கார்ந்தது. வீடு என்றால் ஒரே அறை, சமையலறை கிடையாது. இங்கே வாடகை அறைகள் பலவும் அப்படித்தான். பால்கனியில் ஒரு மின்னடுப்பு. எழுந்து போய்க் கோபித்துக்கொள்ளக்கூட இன்னொரு அறை இல்லை.

இன்னொன்றும் நடந்தது. நாள் முழுக்கச் சொல்லைப் பிரித்துப் பிரித்து, கையை ஆட்டிப் பேசிப் பேசி, அவருடைய தமிழும் அப்படியே ஆகிவிட்டது. "நீ... சாப்பிட்டாச்சா?" என்று வாய்ப்பக்கம் விரலைக் குவித்துக் காட்டிக் கேட்டார் ஒருநாள். நானும் 'ஐ ஆம் ஃபைன் தேங்க் யூ' என்றேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது சம்பளம். ஏஜென்சி ஒரு மாதம் சம்பளத்தைத் தாமதித்தது. இரண்டு சம்பளமும் ஒரே இடத்திலிருந்து வருவதால் இரண்டும் ஒரே நாளில் நின்றது. அதைவிடப் பெரியது விசா. இங்கே தங்கும் அனுமதி வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்த நாளோடு அதுவும் முடிந்துவிடும். மார்ச்சில் பள்ளி ஆண்டு முடியும்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றால் இருவரும் ஒன்றாக மூட்டை கட்ட வேண்டியதுதான். கணவர் வேறு பள்ளியில் இருந்தால், என் வேலை போனாலும் அவரைச் சார்ந்தவளாக விசாவை மாற்றக் கேட்கலாம், திருமணச் சான்றிதழ் அதற்குத்தான். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்துவிட்டு, கூடை ஏஜென்சியின் கையில் என்றால் தூக்கம் வராது.

அந்த ஆண்டு பட்ஜெட்டில் ஒரு வெளிநாட்டு ஆசிரியருக்குத்தான் இடம் என்றார்கள். ஏப்ரலில் வெயிலும் கரும்புக் கொல்லைகளை எரித்த புகையின் மிச்சமும் சேர்ந்து ஊரே மங்கலாக இருந்தபோது, நான் தனியார் ஆரம்பப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். ஏஜென்சி இல்லை, பள்ளியே நேரடியாக எடுத்துக்கொண்டது. விடுமுறை மாதத்துக்கும் சம்பளம் உண்டு.

இப்போது மாலையில் வீட்டுக்கு வந்தால் பேச விஷயம் இருக்கிறது. அவர் பள்ளிப் பிள்ளைகளை எனக்குப் பெயரளவில்தான் தெரியும், அவர் கறாராக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். என் ஆறு வயதுக் குட்டிகள் மதியம் பாய் விரித்துத் தூங்கும் அழகை அவர் கேட்டுக்கொள்வார். இரவு இரயில் நிலையத்துப் பக்கத்துச் சந்தைக்கு நடந்துபோய், மீன் சாறு சேர்க்காத பப்பாளி சாலட் கேட்டு வாங்கி, ஒட்டரிசியோடு சாப்பிடுகிறோம். மீன் சாறு வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த அம்மா கையைப் பாட்டிலுக்குக் கொண்டுபோவார். பழக்கம்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு முகவரி தெரிவிக்க வேண்டும், தவறினால் 2,000 பாட் அபராதம். ஆண்டுக்கொருமுறை அனுமதியை நீட்டிக்க ஆளுக்கு 1,900 பாட். அக்டோபர் விடுமுறையில் வெளிநாடு போக நினைத்தால் மறுநுழைவு அனுமதி வாங்காமல் எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நீட்டித்த அனுமதி அப்படியே போய்விடும். ஒரே பள்ளியில் இருந்தபோது இதெல்லாம் ஒரே தேதியில் வந்தது. இப்போது அவருக்கு ஒரு தேதி, எனக்கு ஒரு தேதி. இரண்டு கோப்பு, இரண்டு தடவை விடுப்பு, இரண்டு தடவை அந்த வரிசை.

பள்ளி நாள்காட்டியும் ஒத்துப்போகாது. போன வாரம் அவர் பள்ளியில் ஆங்கில முகாம் என்று அறிவித்திருக்கிறார்கள், சனிக்கிழமை முழுநாள். பாட்டுப் பாட ஆள் வேண்டுமாம். என்னைக் கேட்காமலேயே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். "உங்க பள்ளிக்கு என் பேரில் வேலை அனுமதி இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "பாட்டுக்கு எதுக்கு அனுமதி?" என்கிறார். குடிவரவுத் துறையில் போய் இந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.