பிசியோவுக்குப் போனால் பிபியில் மாட்டினோம்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததில் இடது கால் இழுக்கிறது. ஆஸ்பத்திரி, டிஸ்சார்ஜ் எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தன. பிசியோ சென்டரில்தான் வினை.

சென்டர் முதல் மாடியில், லிஃப்ட் ஓடவில்லை. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை உட்காரவைத்து, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே மெஷின் பட்டையைச் சுற்றினார் ரிசப்ஷன் பெண். 188/114. "இந்த பிபிக்கு எக்சர்சைஸ் தர மாட்டோம் சார், டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வாங்க." கொஞ்சம் உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். "மெஷின் பொய் சொல்லுமா?" ஆட்டோ காசு தண்டம்.

பிபி நிஜமாகவே அவ்வளவு இருந்தால் திருப்பி அனுப்புவதுதான் சரி. பார்த்த லட்சணம்தான் எரிச்சல்.

லெட்டருக்காக டோக்கன் போட்டுக் காத்திருந்து அரை நாள் போனது. இதய டாக்டர் பார்த்தபோது 136/84. லெட்டரில் ஒரு வரி சேர்த்தார்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) இருக்கிறது, பல்ஸை ஒரு நிமிடம் முழுதாகக் கையால் எண்ணவும்.

அந்த வரிதான் காப்பாற்றியது. சீனியர் பிசியோ மேடமே வந்துவிட்டார். மணிக்கட்டில் விரல் வைத்து (கட்டைவிரல் கூடாதாம், அதன் துடிப்பே குழப்பிவிடும்) நிமிடம் முழுக்க எண்ணினார். சீராக ஓடும் பல்ஸ் என்றால் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கலாம். அப்பாவுடையது தாறுமாறாகத் துடிப்பது. இப்படிப்பட்ட துடிப்பில் ஆட்டோமேட்டிக் மெஷினும் தடுமாறுமாம். அதனால் ஸ்டெதஸ்கோப் வைத்தே பிபி பார்த்தார். அப்புறம் நிற்கவைத்து மறுபடி பார்த்தார்: மேல் அளவு 20க்கு மேல் இறங்கியிருந்தது. "எழுந்தா தலை சுத்துதா ஐயா?" "லேசா," என்றார் அப்பா. எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை!

மெட்டோப்ரோலால் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு உழைப்புக்கு ஏற்றபடி பல்ஸ் ஏறாது. ஆகவே மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பல்ஸை மட்டும் நம்பாமல், மேடம் அப்பாவை நடக்கும்போதே பேசவைக்கிறார். ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறினால் நிறுத்திவிடுகிறார்.

இப்போது அரைக்கைச் சட்டை, பாத்ரூம் போய்விட்டுத்தான் பிபி, அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி கிடையாது. ஐந்து நிமிடம் சாய்ந்து, பாதம் தரையில் பதிய உட்காரும்வரை பட்டையைச் சுற்ற விடுவதில்லை. ரிசப்ஷனில் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

டயாலிசிஸ் செய்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் பிபி பார்க்கவே கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அந்தக் கையில் சுற்றப் போனார்கள். அவர் மனைவி சத்தம் போட்டுத்தான் தடுத்தார்.