பட்டியலில் இரண்டு தோடி: கச்சேரி சிடிகளை ரிப் செய்து வீட்டு சர்வரில் ஏற்றியது

அலமாரியில் ஏறத்தாழ 400 சிடி. மூன்றில் இரண்டு பங்கு கர்நாடக இசை, மீதி தமிழ்த் திரைப்பாடல். போனில் 'தோடி' என்று தட்டினால் வீட்டிலிருக்கும் தோடி அத்தனையும் வரிசையாக வரவேண்டும், தொட்டதும் கூடத்து ஸ்பீக்கரில் ஒலிக்கவேண்டும். இதுதான் இலக்கு. இதில் ரிப் செய்வது, அதாவது சிடியின் ஒலியைக் கணினிக் கோப்பாக எடுப்பது, பொறுமை மட்டும் கேட்கும் வேலை. மூளையைக் கேட்பது டேக் போடும் (பாட்டு, பாடியவர், ராகம் போன்ற விவரங்களைக் கோப்புக்குள் எழுதும்) வேலைதான். டேக் முறையை முடிவு செய்யாமல் ரிப் செய்த முதல் 40 சிடிக்கும் இரண்டாம் முறை உட்கார வேண்டியதாயிற்று. ஆகவே எந்தப் புலத்தில் எதை எழுதப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு டிரைவைத் திறப்பது நல்லது.

வட்டைத் துடைப்பதிலிருந்து

சிடி உள்வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுகிறது. விரல் படுவதும் உறையில் உரசுவதும் வெளி விளிம்பில். அதனால்தான் நிறையப் பாட்டுள்ள சிடிகளில் கடைசி இரண்டு மூன்று பாட்டு மட்டும் தகராறு செய்கிறது. கச்சேரி சிடி என்றால் மங்களமும் துக்கடாவும் போய்விடும்.

வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பருத்தித் துணி, இவ்வளவு போதும். துடைப்பது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் இருக்கவேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தை ஒட்டியே ஓடும். சிடியின் பிழைதிருத்த முறை சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் வரை தொடர்ச்சியாக அழிந்த தகவலை மீட்டுவிடும். குறுக்கே விழுந்த கீறல் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது, தடத்தோடு ஓடும் கீறல் அடங்காது. தின்னர், அசிட்டோன் பக்கமே போகக்கூடாது, பாலிகார்பனேட் கலங்கிவிடும். வட்டின் உண்மையான மென்பகுதி லேபிள் பக்கம்தான், தகவல் அடுக்கு அந்த மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. அலமாரி எண்ணை வட்டின் மேல் ஸ்டிக்கராக ஒட்டாமல் பெட்டியின் முதுகில் ஒட்டுங்கள்.

1990-களின் இரட்டை சிடி பெட்டிகளைத் திறக்கும்போது உள்ளே பஞ்சு போன்ற ஃபோம் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் அது பிசுபிசுத்து லேபிளோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும்.

ரிப்

விண்டோஸில் ஈஏசி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை: ஒரே பகுதியை ஒன்றுக்கு மேல் படித்து ஒப்பிட்டு, ஒத்துப்போனால் மட்டும் ஏற்பது. ஈஏசியில் செக்யூர் முறை, டிரைவ் கேஷ் செய்கிறது (படித்ததை நினைவில் வைத்துத் திரும்பத் தருகிறது) என்றால் அதற்கான குறி, 'டெஸ்ட் அண்ட் காப்பி' ஆகிய மூன்றும் அவசியம். நல்ல நிலையிலுள்ள சிடிக்கு 12 முதல் 20 நிமிடம் ஆகும்.

டிரைவின் ரீட் ஆஃப்செட்டையும் சரியாகப் போடவேண்டும். ஒவ்வொரு மாடலும் சில சாம்பிள் (ஒலியின் மிகச்சிறு துணுக்கு) முன்பின்னாகப் படிக்கத் தொடங்கும். +6, +102, +667 என்று மாடலுக்கு மாடல் மாறும். +6 என்பது நொடியில் ஏழாயிரத்தில் ஒரு பங்குதான், காதுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஆஃப்செட் தவறினால் செக்சம் (தகவலிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) மாறிவிடும், மற்றவர்கள் ரிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் அக்யுரேட்ரிப் சோதனையும் வீணாகிவிடும்.

கர்நாடக சிடிகளில் பலவும் அக்யுரேட்ரிப் தரவுதளத்தில் இருப்பதில்லை. 'வட்டு கிடைக்கவில்லை' என்று வந்தால் ரிப் தவறு என்று அர்த்தம் கிடையாது. அப்படிப்பட்ட வட்டை வேறொரு மாடல் டிரைவில், அதன் ஆஃப்செட்டோடு இன்னொரு முறை ரிப் செய்து இரண்டு செக்சமையும் ஒப்பிடுவதே நம்பகமான வழி. டெஸ்ட், காப்பி இரண்டும் ஒரே டிரைவில் ஒத்துப்போவது மட்டும் போதாது, அதே கீறலில் அதே டிரைவ் அதே பிழையை இரண்டு முறையும் செய்யக்கூடும். ஒரு டிரைவ் திணறும் வட்டை இன்னொன்று அலட்டிக்கொள்ளாமல் படித்துவிடுவதும் உண்டு, எனவே பழைய டெஸ்க்டாப்பின் டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள்.

கோப்பு வடிவம் ஃப்ளாக், ஒலித்தரம் குறையாமல் சுருக்குவது. சிடி ஒலி நொடிக்கு 1,76,400 பைட், 70 நிமிட வட்டு சுமார் 740 எம்பி. இரண்டு சேனலும் ஒன்றேயான பழைய மோனோ கச்சேரிப் பதிவுகள் ஃப்ளாக்கில் வெகுவாகச் சுருங்கும். உச்சத்தில் இரைய மாஸ்டர் செய்த 2000-க்குப் பிந்தைய படப்பாட்டு அவ்வளவு சுருங்காது. 400 சிடிக்கு 150 ஜிபி அளவில் ஆகும், 500 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். சுருக்க நிலை 5-க்கும் 8-க்கும் வித்தியாசம் ஓரிரு சதவீதம்தான்.

திரைப்பாடல் சிடிகளில் சிலவற்றை, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் நிரலில் திறந்து பார்ப்பது நல்லது. ஒலிப்பட்டை 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால், எம்பி3-யிலிருந்து எரித்த வட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை ஃப்ளாக் ஆக்கினாலும் போனது திரும்பாது. நல்ல பதிப்பு கிடைக்கும்வரை டேக்கில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

டேக்: நேரம் போனது இங்கேதான்

பிக்கார்ட் நிரல் மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுதளத்திலிருந்து திரைப்பாடல்களுக்கு ஓரளவு விவரம் கொண்டுவருகிறது. கச்சேரி சிடிக்கு உறையைப் பார்த்துக் கையால் அடிப்பதே வழி. எம்பி3டேக் நிரலில் ஒரு வட்டுக்குச் சராசரியாக எட்டு நிமிடம்.

ஃப்ளாக்கில் எந்தப் பெயரிலும் புலம் சேர்க்கலாம். ராகம், தாளம் என்று தனிப் புலம் வைக்கத் தடையில்லை. சிக்கல் சர்வர் பக்கம் வருகிறது, சொந்தப் புலங்களைப் பெரும்பாலான போன் செயலிகள் காட்டாது. எல்லாச் செயலியும் காட்டும் புலம் ஜானர் (இசை வகை). ஆகவே ராகத்தைத் தனிப் புலத்திலும் எழுதி, ஜானரிலும் இரண்டாவது மதிப்பாகச் சேர்ப்பது என்று முடிவானது. ஓர் உருப்படி இப்படி இருக்கும்:

டைட்டில்: எந்தரோ மகானுபாவுலு
கம்போசர்: தியாகராஜர்
ராகம்: ஸ்ரீ
தாளம்: ஆதி
ஜானர்: கர்நாடகம்
ஜானர்: ராகம் ஸ்ரீ

ஜானரில் 'ராகம்' என்ற முன்சொல் வேண்டுமென்றே வைத்தது. வெறும் 'ஸ்ரீ' என்று வைத்தால் தேடலில் ஸ்ரீயில் தொடங்கும் கிருதி எல்லாம் வந்து குவியும். முன்சொல் இருப்பதால் ஜானர் பட்டியலில் ராகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ராகமாலிகை, விருத்தம் என்றால் எத்தனை ராகமோ அத்தனை ஜானர் வரி.

ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் பிரதான வித்வான் மட்டும். பக்கவாத்தியக்காரர்கள் பெர்ஃபார்மர் புலத்தில், பெயருக்குப் பின் அடைப்புக்குறியில் வயலின், மிருதங்கம், கடம் என்று. இவர்களையும் ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் எழுதினால் ஒரே பாடகர் பட்டியலில் பத்து இடத்தில் பத்துப் பெயர்ச் சேர்க்கையாகச் சிதறுவார். இரண்டு மூன்று சிடியாக வந்த கச்சேரிக்கு ஆல்பம் பெயர் எல்லா வட்டிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும், வட்டு எண் அதற்குரிய புலத்தில் போகட்டும்.

திரைப்பாடலில் எதிர்ச் சிக்கல். ஒரே வட்டில் இரண்டு மூன்று படங்கள் இருக்கும். ரிப் முடிந்ததும் படத்துக்கு ஓர் ஆல்பமாகப் பிரித்துவிடுவதே தேடுவதற்கு வசதி. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இசையமைப்பாளர், ஆண்டு படம் வந்த ஆண்டு. சிடி அச்சான ஆண்டைப் போட்டால் 1978-இல் வந்த படம் 1990-களில் போய் நிற்கும்.

இனி அந்த இரண்டு தோடி. நூறு வட்டு ஏற்றிய பிறகு ஜானர் பட்டியலில் 'ராகம் தோடி' இரண்டு முறை இருந்தது. ஒன்றைத் தொட்டால் 14 உருப்படி, மற்றொன்றில் 3. கண்ணுக்கு எழுத்து அச்சு அசல் ஒன்றுதான். காரணம் ஓகாரக் குறி. யூனிகோடில் 'தோ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். பழைய மேக் வட்டுகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும். அந்தக் கோப்புப் பெயரிலிருந்து டேக்கை நிரப்பினால் பிரிந்த 'தோ' டேக்குக்குள் வந்துவிடும். மோகனம், காம்போதி எல்லாவற்றுக்கும் இதே கதி. எல்லா டேக்கையும் யூனிகோடின் சேர்ந்த வடிவமான என்எஃப்சிக்கு மாற்றினால் இது தீரும்.

அதில் தீராத இன்னொன்று கௌளை. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்து 'கெளளை' என்று எழுதுவது வெகு சாதாரணம். இது உண்மையிலேயே வேறு எழுத்து, எந்த மாற்றியும் இதைத் தானாகத் திருத்தாது. எம்பி3டேக்கில் கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடங்களைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வழி. மொத்தமாக மாற்றினால் 'வெள்ளை' போன்ற சரியான சொற்களும் கெடும்.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரு ராகப் பட்டியல் கோப்பு கூடவே வேண்டும். காம்போதியா காம்போஜியா, கல்யாணியா மேசகல்யாணியா, தோடியா ஹனுமத்தோடியா? எதுவானாலும் சரி, ஒன்றைத் தேர்ந்து அதிலிருந்தே வெட்டி ஒட்டுங்கள், புதிதாக அடிக்காதீர்கள்.

டேக் தமிழில் இருக்கட்டும். ஃபோல்டர் பெயரும் கோப்புப் பெயரும் ஆங்கில எழுத்தில் இருப்பதே உத்தமம். லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட் தரும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஆக 85 குறியீடு. 'கொ' என்பதே இரண்டு குறியீடு. கிருதி, ராகம், தாளம் என்று சேர்த்து நீட்டினால் எல்லை தட்டிவிடும், நகலெடுக்கும்போது அந்தக் கோப்பு மட்டும் விடுபடும். கார் ஸ்டீரியோ பலவற்றில் தமிழுக்குக் கட்டம்தான் தெரியும் என்பது இன்னொரு காரணம். வரிசைப்படுத்துவதற்கான சார்ட் புலத்திலும் ஆங்கில எழுத்து. இரண்டு லாபம்: அகரவரிசை யூனிகோட் வரிசைப்படி வகரத்துக்கு முன் ளகரம், ழகரம் என்று குழம்பாது, ஆங்கிலத்தில் தேடுபவருக்கும் பாட்டு கிடைக்கும். இனிஷியலை சார்ட் புலத்தில் பெயருக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள்.

வீட்டுக்குள் ஒலிபரப்பு

சர்வர் 2 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி. போன்களுக்கு நேவிட்ரோம் என்ற இசை சர்வர் நிரல், போர்ட் 4533. கூடத்து, சமையலறை ஸ்பீக்கர்களுக்கு லிரியன் மியூசிக் சர்வர், போர்ட் 9000. முன்பு லாஜிடெக் மீடியா சர்வர் என்ற பெயரில் இருந்ததுதான் இது. இரண்டுக்கும் ஒரே இசை ஃபோல்டர், படிக்க மட்டும் அனுமதி. இரண்டு அறையிலும் ஒரே பாட்டு விலகாமல் சேர்ந்து ஒலிப்பது லிரியனின் பலம்.

பை 4-இன் யூஎஸ்பி முனைகள் எல்லாம் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். சுழலும் ஹார்டு டிஸ்க் கிளம்பும்போது ஏறக்குறைய அத்தனையையும் இழுத்துவிடும், பிறகு ஸ்கேன் நடுவில் டிஸ்க் காணாமல் போகும். எஸ்எஸ்டி போடுங்கள், அல்லது தனி மின்சாரம் உள்ள ஹப். அடாப்டர் 5.1 வோல்ட் 3 ஆம்பியர் கட்டாயம். ரவுட்டர் மினி யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி முனையில் பை-யை மாட்டுவதற்கு முன் அதன் ஆம்பியரைப் பாருங்கள், 2 ஆம்பியர் என்றிருந்தால் போதாது.

அறைகளில் இருப்பது பழைய பை 3, அதில் ஓடும் பைகோர்பிளேயர் என்ற இசை இயங்குதளம், ஒரு யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கு ஏற்ற சமிக்ஞையாக மாற்றும் கருவி). பைகோர்பிளேயர் முழுவதும் ராமில் ஓடுவதால், கரண்ட் போய் வந்தாலும் எஸ்டி கார்டு கெடுவதில்லை. அடிக்கடி மின்சாரம் போகும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. பை-யின் ஹெட்போன் துளையில் நேராக மாட்டினால் தம்பூரா சுருதிக்கு அடியில் இரைச்சல் கேட்கும். பை-யை உலோகப் பெட்டிக்குள் வைத்தால் வைஃபை பலவீனமாகும். கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டவேண்டும் என்றால் லேன் கேபிளே இழுத்துவிடலாம்.

கச்சேரிக்கு இடைவெளியில்லாத தொடர்ச்சி உயிர். ஆலாபனை ஒரு டிராக், கிருதி அடுத்தது, தனியாவர்த்தனம் மூன்றாவது என்று வெட்டியிருப்பார்கள். நடுவில் அரை நொடி மௌனம் வந்தாலும் ரசிகர் கைதட்டல் துண்டாகிக் காதில் அறையும். ஃப்ளாக்கை அப்படியே அனுப்பினால் தொடர்ச்சி கெடாது. எம்பி3-யாக மாற்றி அனுப்பும்போது ஒவ்வொரு கோப்பின் முனையிலும் சிறு வெற்றுப்பகுதி சேரும். வீட்டு வைஃபையில் மாற்றியனுப்புவதை நிறுத்திவிடுங்கள். ஃப்ளாக் நொடிக்கு ஒரு மெகாபிட் அளவில்தான் கேட்கும். வெளியே மொபைல் டேட்டாவில் மட்டும் 128 கேபிபிஎஸ் ஓபஸ் வடிவம்.

பழைய கச்சேரி மெதுவாக, புதுப் படப்பாட்டு இரைச்சலாக ஒலிப்பதைச் சமன்செய்ய ரீப்ளேகெயின். ஆர்எஸ்கெயின் நிரல் -18 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவை வைத்துக் கணக்கிட்டு டேக்கில் மட்டும் எழுதுகிறது, ஒலியைத் தொடுவதில்லை. கச்சேரிக்கு ஆல்பம் கெயின்தான் சரி. டிராக் கெயின் போட்டால் மெல்லிய ஆலாபனையும் தனியாவர்த்தனமும் ஒரே சத்தத்துக்கு வந்து கச்சேரியின் ஏற்ற இறக்கம் போய்விடும். கலந்து கேட்கும் படப்பாட்டுக்கு டிராக் கெயின். லிரியனில் 'ஸ்மார்ட் கெயின்' தேர்ந்தால் அதுவே பார்த்து மாற்றிக்கொள்கிறது.

காப்பு நகல் வெளி டிஸ்க் இரண்டு, ஒன்று உறவினர் வீட்டில். ஃப்ளாக் கோப்புக்குள்ளேயே ஒலியின் எம்டி5 செக்சம் இருப்பதால், நகலெடுத்த பிறகு ஃப்ளாக் நிரலின் சோதனைக் கட்டளையை முழு ஃபோல்டரிலும் ஓடவிட்டால் கெட்ட கோப்பு எது என்று தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

நிலுவையில் 9 சிடி. ஆறில் கடைசி டிராக் படியவில்லை. அவற்றில் இரண்டின் விவரம் க்யூடூல்ஸ் தரவுதளத்தில் இருக்கிறது, அங்குள்ள மீட்புத் தகவலைக் கொண்டு ரிப்பைச் செப்பனிட முயலலாம். மற்ற மூன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகள் தெரிகின்றன. அவற்றை 4 மடங்கு வேகத்தில் மூன்றாவது டிரைவில் ஓட்டிப் பார்க்கவேண்டும்.