நீல மையும் கறுப்பு மையும்

காரைக்குடியில் கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக ஊரார் மனுவை டைப் அடித்த கை, போன மாதம் சொந்தத் தம்பிக்காக அடித்தது.

தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடுகளில் கழற்றி விற்கிற தேக்குத் தூண், நிலை, பித்தளைச் சாமான்களை முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. அதில் ஒரு நிலைக்கதவு திருட்டுப் பொருள் என்று புகார். யார் எடுத்தார்கள் என்பதைக் கோர்ட் பார்க்கட்டும். எனக்கு நேரக் கணக்குதான் உதைக்கிறது.

செவ்வாய் இரவு 7.10க்கு வீட்டு வாசலிலிருந்து கூட்டிப் போனார்கள். "சும்மா விசாரணைதான், காலைல அனுப்பிடுவோம்" என்றார் ஏட்டு. 9.42க்கு ஸ்டேஷன் எதிரில் நாலு புரோட்டா வாங்கினேன். ஜிபேயில் அந்த நேரம் அப்படியே இருக்கிறது. பொட்டலத்தை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டார்கள். கதவிடுக்கில் தம்பியின் கால் தெரிந்தது. செருப்பில்லை.

மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியது வியாழன் காலை 11 மணிக்கு. ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்குப் பத்து நிமிட நடை. அரசியலமைப்பின் 22வது பிரிவு 24 மணி நேரம் என்கிறது. இங்கே நாற்பதுக்குப் பத்து நிமிடம்தான் குறைவு. ஆனால் கைதுக் குறிப்பில் "புதன் மாலை 4.00, பஸ் ஸ்டாண்ட் அருகில்". காகிதப்படி பத்தொன்பதே மணி நேரம்!

அந்தக் குறிப்பின் நகலை வக்கீல் என்னிடம்தான் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தார். நீல மை நகலில் மங்கும், கறுப்பு அப்படியே விழும். தாள் முழுக்க மங்கல். நேரம் எழுதிய இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. குடும்பத்தாரோ, ஊரில் மதிப்புள்ள ஒருவரோ கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சுப்ரீம் கோர்ட்டின் 1996 டி.கே. பாசு தீர்ப்பு. இதில் இருந்த பெயரை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

"ஏதாவது சொல்லணுமா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டாராம். பக்கத்தில் அதே ஏட்டு. தம்பி இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். மடையன் என்று திட்டினேன், அப்புறம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

செவ்வாய் இரவு ஸ்டேஷன் கேமரா பதிவைப் பாதுகாத்துத் தரச் சொல்லி மனு போட்டிருக்கிறோம். ஒரு வருடத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. "கேமரா ரிப்பேர்" என்று இப்போதே பேச்சு.

நேற்று ஏட்டு கடைக்கு வந்தார். ஏழு பக்கம், இரண்டு செட். "என்ன தம்பி, மனு போட்டிருக்கீங்களாமே?"

"ஆமாங்கய்யா" என்றேன். இருபத்தெட்டு ரூபாய். எண்ணி வாங்கிக்கொண்டேன்.