பத்து நாள் காய்ந்து ஏமாற்றிய சுவர்

என் மாமியாரின் அறைச் சுவர் எட்டு மாதம் ஈரமாகவே இருந்தது. அந்த எட்டு மாதத்தில் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் இருவரும் பார்த்த மாத்திரத்திலேயே காரணம் சொன்னார்கள். இரண்டும் வேறு வேறு காரணங்கள், இரண்டும் தவறு. மூன்றாமவர் குழாயில் பழுதே இல்லை என்றார். கடைசியில் கண்டுபிடித்தது மாமியாரும் நானும்தான், ஒரு பென்சிலையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் வைத்துக்கொண்டு. சுவரில் ஓதம் கண்டு யாரைக் கூப்பிடுவது என்று விழித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது உதவலாம். எனக்கும் யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வந்தது வாசனை. அலமாரியைத் திறந்தால் துணியெல்லாம் பூசண நெடி அடிக்கிறது என்று மாமியார் சொன்னார். பழைய துணி, வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்றோம். ஒரு மாதம் கழித்து அவரே தன் மகனை விரட்டி அலமாரியை நகர்த்த வைத்தார். பின்னால் இடுப்பு உயரத்தில் தொடங்கித் தரைவரை விரிந்து கிடந்தது ஈரம். ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நடுவில் கரும்புள்ளிகளாகப் பூசணம்.

பெயிண்டர் வந்தார். கீழே அகலமாக இருப்பதால் தரையிலிருந்து ஏறும் ஓதம் என்றார். சுரண்டினார், பட்டி பார்த்தார், ஓதத்தைத் தடுக்கும் என்று டப்பாவில் எழுதியிருந்த பெயிண்டை இரண்டு கை அடித்தார். மூன்றே வாரத்தில் சுவர் அம்மை போட்டதுபோல் கொப்பளித்தது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினேன். தோல் கிழிந்து உள்ளேயிருந்து தண்ணீர் ஒரு கோடாக வழிந்து மணிக்கட்டுவரை வந்தது.

டப்பாவில் உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததே என்று உதவி எண்ணை அழைத்தேன். பில் இருக்கிறதா என்றார்கள். இருந்தது. உத்தரவாத அட்டை இருக்கிறதா என்றார்கள். வாங்கும்போது கடையில் முத்திரை வைத்துத் தர வேண்டிய அட்டையாம். கடைக்காரர் தரவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மறுபடி கடைக்கு நடந்து அட்டையை வாங்கி, படம் எடுத்து அனுப்பி, நான்கு நாள் காத்திருந்த பிறகு பதில் வந்தது: சுவருக்குள்ளிருந்து வரும் ஈரத்துக்கு உத்தரவாதம் செல்லாது. இதை முதல் அழைப்பிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்த வரி அட்டையின் பின்புறம் இருந்தது, என் மூக்குக் கண்ணாடிக்குச் சவால் விடும் அளவில். பெயிண்ட் வாங்குகிறவர்கள் டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டு அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் அது உரிந்துதான் வரும்.

அடுத்தவர் மொட்டைமாடிக்கு நீர்க்காப்புப் பூச்சு பூசுகிறவர். மாடிக்குப் போனார், ஒரு மூலையில் காலால் தட்டினார், தளத்தில் விரிசல், தண்ணீர் சுவர் வழியாக இறங்குகிறது என்றார். அப்படியானால் சுவரின் மேல்பாதி ஏன் காய்ந்திருக்கிறது என்று மாமியார் கேட்டார். "அம்மா, தண்ணீருக்கு எந்த வழியும் வழிதான்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. மாடி முழுவதும் பூசினோம்.

சுவர் காயத் தொடங்கியது! நான்காம் நாள் விளிம்புகள் வெளுத்தன. பத்தாம் நாள் தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் குளிர்ச்சி மட்டுமே இருந்தது. என் கணவர், எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களுக்கு அந்தப் பூச்சுக்காரரைச் சிபாரிசு வேறு செய்துவிட்டார். அவர்களை இப்போது எதிரில் பார்த்தால் நாங்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது.

பதினான்காம் நாள் சுவர் மறுபடி நனைந்தது.

மூன்றாமவர் பிளம்பர். குளியலறை அந்தச் சுவருக்கு மறுபுறம்தான் இருக்கிறது, அதனால் அவரைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், எல்லாம் முடிந்த பிறகு. அவர் வருவதற்குள் நானே மீட்டர் சோதனை செய்து வைத்திருந்தேன். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஒருவரும் தண்ணீரைத் தொடாமல் மறுபடி பார்க்க வேண்டும். எண் அப்படியே இருந்தது. கழிப்பறைத் தொட்டியில் உணவில் சேர்க்கும் சாயத்தைச் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் கழித்தும் பார்த்தேன். கீழே கோப்பையில் சாயம் இறங்கவில்லை. பிளம்பர் அழுத்தம் ஏற்றும் பம்பைக் கொண்டுவந்து குழாயில் மாட்டி முள்ளைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முள் அசையவில்லை. "குழாயில் பழுதே இல்லை, வேண்டுமானால் எழுதித் தருகிறேன்" என்றார். எழுதித் தந்த கையோடு, எதற்கும் இருக்கட்டும் என்று முழங்கால் உயரத்தில் இரண்டு டைல்ஸை உடைத்தும் பார்த்தார். உள்ளே ஈரம் இருந்தது, கசிவு இல்லை. ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதே நிறத்தில் டைல்ஸ் இப்போது கிடைப்பதில்லை என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். உடைப்பதற்கு முன் மாற்று டைல்ஸ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் நான் கைவிட்டிருப்பேன். ஒரு மாலை துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிராமலே சொன்னார்: "மாடியில் பூசினதால் காயவில்லை. பேரன் முகாமுக்குப் போயிருந்தான், அதனால் காய்ந்தது."

நாள்காட்டியை எடுத்துப் பார்த்தோம். மகன் பள்ளி முகாமுக்குப் போனது பூச்சு முடிந்த மறுநாள். திரும்பிய நான்காம் நாள் சுவர் நனைந்திருக்கிறது. அந்தக் குளியலறையை மாமியாரும் அவனும்தான் பயன்படுத்துகிறார்கள். அவர் வாளியில் மொண்டு குளிப்பவர். அவன் ஷவரைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் பாடுகிறவன். தரை, சுவர், கதவு என்று எதையும் நனைக்காமல் விடமாட்டான். ஆக, காரணம் அவன் குளியலில் இருக்கிறது. தரையா, டைல்ஸ் இடுக்கா, வடிகாலா, ஷவரா என்பதுதான் தெரிய வேண்டும்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டோம். அறையின் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்தாலும் இப்படி நனையலாம். சாண் அளவு அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம், சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவரிலிருந்து வரும் ஈரம். சொல்ல எளிது. ஈரச் சுவரில் ஒட்டுநாடா எப்படி ஒட்டும்? இரண்டு முறை இரவில் சரசரவென்று கழன்று விழுந்து மாமியாரைப் பயமுறுத்தியது. கடைசியில் தலைமுடி உலர்த்தும் கருவியால் நான்கு ஓரத்தையும் சூடேற்றிக் காயவைத்து ஒட்டினேன். உரித்தபோது உட்பக்கம் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது.

பிறகு மகனை வேறு குளியலறைக்கு அனுப்பிவிட்டுச் சுவரைக் காயவிட்டோம். ஈரத்தின் விளிம்பில் மாமியார் பென்சிலால் கோடு இழுத்துத் தேதி போட்டார். ஒரு சோதனை, மூன்று நாள் இடைவெளி, அடுத்த சோதனை. அவசரப்பட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்தால் எதனால் நனைந்தது என்று தெரியாது. எங்கள் சுவரில் ஈரம் மறுநாள் காலையில்தான் தலைகாட்டும்.

முதலில் வடிகாலின் வாயில் நேராகப் பத்து வாளி தண்ணீர். கோடு நகரவில்லை. அடுத்து வடிகாலை ஈரத்துணி திணித்த பையால் அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டோம். நகரவில்லை. மூன்றாவதாக டைல்ஸ் மேல் குவளையால் அள்ளி அள்ளி ஊற்றினேன், பிளம்பர் விட்டுப்போன ஓட்டையை மட்டும் மூடிவிட்டு. அப்போதும் கோடு அசையவில்லை. என் கணவர், "ஒன்றுமே இல்லாமல் சுவர் தானாக அழுகிறது போல" என்றார்.

நான்காவது சோதனையில், ஷவர் தலையில் நீளமான பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதன் நுனியை வெட்டி வாளிக்குள் விட்டேன். சுவரிலும் தரையிலும் ஒரு சொட்டு படக்கூடாது. வாளி நிறைய நிறைய மாற்றிக்கொண்டே கால் மணி நேரம் ஓடவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாமியார் என்னை எழுப்பினார். பென்சில் கோட்டைத் தாண்டி நான்கு விரல் அளவுக்கு ஈரம்.

அப்போதுதான் பிளம்பரின் முள் ஏன் அசையவில்லை என்று புரிந்தது. குழாய் மூடியிருக்கும்போது அழுத்தம், ஷவரைத் திறந்து மூடும் வால்வுவரைதான் இருக்கும். வால்வுக்கு மேலே ஷவருக்கு ஏறும் குழாயில் தண்ணீர் ஓடுவது ஷவரைத் திறந்தால் மட்டுமே. அந்தத் துண்டில் கசிவு இருந்தால் மீட்டரும் காட்டாது, மூடிய வால்வோடு செய்யும் அழுத்தச் சோதனையும் காட்டாது. அவர் எழுதித் தந்ததில் பொய் இல்லை. சோதிக்காத ஒரு முழத்தைப் பற்றித்தான் ஒன்றும் சொல்லவில்லை.

வேறொரு பிளம்பரை அழைத்தோம். இந்த முறை காரணத்தை நாங்கள் சொன்னோம், அவர் கேட்டுக்கொண்டார். உடைக்க வேண்டாம் என்பதை முதலிலேயே பேசிக்கொண்டோம். ஷவரைத் தாங்கும் வளைந்த குழாயின் அடியில் பளபளவென்று ஒரு வட்டத் தட்டு இருக்குமே, அதை நகர்த்தினார். பின்னால் டைல்ஸில் வெட்டிய துளையின் கீழ் விளிம்பு துருநிறத்தில் கோடு கோடாகக் கறைபட்டிருந்தது. வளைகுழாயைக் கையாலேயே திருகிக் கழற்றிவிட்டார். ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. மரையில், கசியாமல் இருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப் ஒன்றரைச் சுற்று, அதுவும் நூல் நூலாகப் பிய்ந்து. சுவருக்குள் இருந்த எல்போவின், அதாவது குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பின், வாயில் பிளக்கைத் திருகி ஷவர் வால்வைத் திறந்தார். இப்படிச் செய்தால் அந்த மேல்குழாயிலும் அழுத்தம் ஏறும், சுவருக்குள் வேறு கசிவு உண்டா என்பதும் தெரிந்துவிடும். டைல்ஸை உடைக்கக் கை ஓங்குகிறவரிடம் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

வேறு கசிவு இல்லை. மரையைத் துடைத்து, திருகும் திசையிலேயே டேப்பை ஆறு சுற்று இழுத்துச் சுற்றி இறுக்கினார். மொத்தம் இருபது நிமிடம். வட்டத் தட்டை மூடவிடாமல் பத்து நிமிடம் ஷவரை ஓடவைத்து, துளைக்குள் டார்ச் அடித்து, மெல்லிய காகிதத்தை நீட்டிப் பார்த்தேன். காய்ந்தே வெளியே வந்தது.

பூசணத்தைத் துடைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கணவர் பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையும் கலந்தால் வீரியம் கூடும் என்று வாளியோடு வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. சன்னலைத் திறந்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்து உலரவிட்டோம். உப்பை மட்டும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிவிடும். காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளிக் கொட்டுங்கள்.

மாமியாருக்கு அந்த எட்டு மாதமும் இரவில் இருமல் இருந்தது. வயது என்றோம். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமலும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அவரை முதல் நாளே வேறு அறைக்கு மாற்றியிருக்க வேண்டும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, எங்களைத் தவிர.

சுவர் இன்னும் முழுதாகக் காயவில்லை. ஒரு அங்குலத் தடிமன் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டட வேலை செய்பவர்களின் கணக்கு. அதுவரை பட்டியும் இல்லை, பெயிண்டும் இல்லை. அலமாரி சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது. போன வாரம் பழைய பெயிண்டர் அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்து, இந்தப் பென்சில் கோடுகளையாவது அழித்துத் தரட்டுமா என்று கேட்டார். மாமியார் கதவைச் சாத்திவிட்டார்.