சிவப்பு கிளிப்பும் 20 மீட்டர் ஆழமும்

டைவிங் படகிலேயே சில நாட்கள் தங்கிப் போகும் பயணங்களில், மேலே சத்தமில்லாமல் இருக்கும் ஆட்கள்தான் தண்ணீருக்குள் அதிகம் சேட்டை செய்கிறார்கள். இந்த முறை எனக்கு ஜோடியாக இறங்கிய நண்பன் அப்படிப்பட்டவன். படகில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பான். இறங்கியதும் கண்ணில் குறும்பு வந்துவிடும், மாஸ்க் வழியாகவே தெரியும்.

எங்களுக்குள் நடந்தது துணி கிளிப் விளையாட்டு. டைவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சேட்டைதான். துணி காயப்போடும் கிளிப்பை அடுத்தவருடைய ஜாக்கெட்டிலோ டேங்க் பட்டையிலோ அவருக்குத் தெரியாமல் மாட்ட வேண்டும். மேலே வரும்போது யார் மேல் அதிகம் இருக்கிறதோ அவர் தோற்றார். கேட்பதற்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீருக்குள் தன் மிதப்பைக் கச்சிதமாகக் கட்டுப்படுத்தத் தெரியாதவரால் இதைச் செய்யவே முடியாது. காலை ஒரு தடவை உதறினாலும் தண்ணீர் அசைவதை எதிராளி முதுகில் உணர்ந்துவிடுவார்.

முதுகில் டேங்க் இருப்பதால் தலையை முழுதாகப் பின்னால் திருப்ப முடியாது. மாஸ்க்கின் விளிம்பு பக்கவாட்டுப் பார்வையையும் மறைத்துவிடும். ஆக, பின்னால் சற்று மேலிருந்து வருகிறவர் கண்ணில் பட மாட்டார். ஆனால் காதுக்குத் தப்ப முடியாது. ஒலி காற்றில் போவதைவிடத் தண்ணீரில் நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் போகிறது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிரித்தறிவதுதான் கஷ்டம், பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்துவிடும். இதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். நாம் மூச்சை விடும்போது குமிழிகள் காதோரமாகக் கடகடவென்று மேலே போகும், அந்த ஓரிரு நொடிகள் வேறு எதுவும் சரியாகக் கேட்காது. நான் மூச்சை விடும் நேரம் பார்த்து அவனும் விட்டான், நான் இழுக்கும்போது அவனும் இழுத்தான். இரண்டு பேருடைய குமிழியும் ஒரே சத்தமாக ஆனது. மூச்சை அடக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்று நினைக்க வேண்டாம். டைவிங்கில் அதை மட்டும் செய்யவே கூடாது. மூச்சை அடக்கியபடி கொஞ்சம் மேலே ஏறினாலும் உள்ளே காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம்.

அவன் கொண்டுவந்த கிளிப்கள் எல்லாமே சிவப்பு. பளிச்சென்ற நிறத்தை ஏன் எடுத்தான் என்று யோசித்தேன், 20 மீட்டரில் விடை கிடைத்தது. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். அந்த ஆழத்தில் சிவப்பு கிளிப் கறுத்துப்போய், கறுப்பு ஜாக்கெட்டோடு ஒன்றிவிடுகிறது. டார்ச் அடித்தால் மட்டும் ரத்தச் சிவப்பாக எழும்பும். எங்களோடு வந்த மற்ற இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்கள், ஒன்றும் கவனிக்கவில்லை. மேலே ஏற ஏறச் சிவப்பு மெல்லத் திரும்பியது. 5 மீட்டரில் நின்றபோது அவர்கள் என் டேங்க்கைக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்தால் கன்னம் மடிந்து மாஸ்க்கின் விளிம்பு தூக்கும், தண்ணீர் உள்ளே வரும். அவனும் சேர்ந்து மூவரும் மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதி நீரை வெளியேற்றிவிட்டு, மறுபடி சிரித்து, மறுபடி ஊதினார்கள்.

மறுநாள் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பவளப்பாறையின் திருப்பத்தில் நீரோட்டம் திடீரென்று பலமானது. எதிர்த்து நீந்த நீந்த மூச்சு வேகமாகிக்கொண்டே போனது. 20 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் டேங்க்கிலிருந்து மூன்று மடங்கு காற்று போகும். டேங்க்கில் மீதமுள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை நான் பார்க்கக் கையைக் கொண்டுபோவதற்குள் அவன் என் முன்னால் வந்து நின்றான். உள்ளங்கையில் இரண்டு விரலைத் தட்டி, காற்று எவ்வளவு என்று கேட்டான். 200 பாரில் தொடங்கியது 90-க்கு வந்திருந்தது. உடனே திரும்பலாம் என்று காட்டி, பாறையின் மறைவான பக்கமாக என்னை அழைத்துப்போனான். கிளிப் மாட்டுவதற்காக என் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தவன், அது மாறியதை என்னைவிட முன்னால் கவனித்திருக்கிறான். நல்ல ஜோடி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சேட்டைக்கும் எல்லை உண்டு. அதை முதல் நாளே பேசிவிட்டோம். வாயில் கவ்வி மூச்சு விடும் ரெகுலேட்டர், மாஸ்க், டேங்க் வால்வு, எடைப் பட்டை, ஜாக்கெட்டுக்குக் காற்று ஏற்றும் பொத்தான், இவற்றில் யாரும் கை வைக்கக் கூடாது. வேடிக்கைக்காக வால்வைத் திருகிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரோடு நான் இறங்க மாட்டேன், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. காற்று இல்லை, மேலே போகலாம் என்பது போன்ற சைகைகளிலும் விளையாட்டு கிடையாது. ஒருமுறை பொய்யாகக் காட்டிவிட்டால், நிஜமாகக் காட்டும்போது எதிராளி ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடி பெரிது. சுறா சைகைக்கும் இதே விதிதான் வைத்தோம். பேத்தை மீனைச் சீண்டி ஊத வைப்பதெல்லாம் எங்கள் கணக்கில் சேட்டையே இல்லை, அந்த மீனுக்கு அது உயிர்ப் பயம். அப்புறம் கிளிப்கள். எத்தனை உள்ளே போனதோ அத்தனையும் எண்ணி வெளியே எடுத்தோம், ஒன்றுகூடக் கடலில் விழவில்லை.

படகுக்கு ஏறுமுன் 5 மீட்டரில் 3 நிமிடம் காத்திருக்க வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேறுவதற்கான நேரம் அது. அங்கே நாங்கள் கல், காகிதம், கத்தரி விளையாடுவோம். தோற்றவன் கடைசியாக ஏணி ஏற வேண்டும். கடைசி நாளில் அலை அதிகம். டேங்க்கோடு ஏணிக்குக் கீழே காத்திருப்பவருக்குத்தான் ஆட்டம் அதிகம் கொடுக்கும். நான் காகிதம் காட்டினேன், அவன் கல் காட்டினான். மறுபடி காகிதம், மறுபடி கல். மூன்றாவது முறையும் கையை விரிக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான். சரி என்று சைகை காட்டிவிட்டு நான் முதலில் ஏறினேன்.