கிணற்றுக் கட்டில் சிவப்புப் பெயின்ட்

கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் ஊர் எது என்று யாராவது கேட்டால், புத்தளம் பக்கத்துக் கடற்கரையைத்தான் வாய் சொல்லும். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை, விஷயம் இன்னும் முழுதாக முடியவில்லை.

போன வருடம் பெரியம்மா போன் செய்தார். "தம்பி, நல்ல தண்ணிக் கிணத்துக் கட்டுல யாரோ செவப்புப் பெயின்ட்ல நம்பர் எழுதிட்டுப் போயிருக்காங்க. கோயில் பின்னால ஆப்பும் அடிச்சிருக்கு." மறுநாள் அரச மரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முழுக்கச் சிங்களம். தங்கச்சி மகன் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் அது. 7 கிலோமீட்டர் மாற்றுப் பாதை ஒன்று ஊருக்கும் கடலுக்கும் நடுவே போகப் போகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரோடே வேண்டாம் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. ஐஸ் லொறி மணலில் புதைந்து, பிடித்த மீன் நாறிப்போன நாட்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சண்டை ரோட்டோடு இல்லை, கோட்டோடு. அந்தக் கோடு கரையில் நின்று வலை இழுக்கும் இடமான கரைவலைப் பாட்டையும் கிணற்றையும் சாமி ஊர்வலம் கடலுக்குப் போகும் வழியையும் ஒரே வெட்டாக வெட்டியது.

கொழும்பில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் பதினைந்து பேர் ஜிந்துப்பிட்டியில் ஒரு கடை மேல்மாடியில் கூடினோம். முதல் மணித்தியாலம் முழுக்க எந்த அரசியல்வாதியிடம் போவது என்ற பேச்சுத்தான். கடைசியில் சட்டத்தை வாசித்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். ஆங்கிலப் பிரதியை மூன்று இரவு வைத்துக்கொண்டிருந்தேன். 2ஆம் பிரிவு என்றால் அளந்து பார்க்கப் போகிறோம் என்று அர்த்தம், அவ்வளவுதான். மறுப்புச் சொல்ல இடம் இருப்பது 4ஆம் பிரிவு அறிவித்தல் வரும்போது. 5ஆம் பிரிவுப் பிரகடனம் வர்த்தமானியில், அதாவது அரசாங்க கெசட்டில், வந்துவிட்டால், அந்தக் காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்பதே முடிந்த முடிவு ஆகிவிடும். அதற்குப் பிறகு 7ஆம் பிரிவில் நட்டஈடு எவ்வளவு என்று மட்டும் பேசலாம். நாங்கள் இதைத் தெரியாமல் நட்டஈட்டுப் பேச்சிலேயே ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

அறிவித்தல் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போட்டேன். ஒரு மாதம் கழித்துத் தமிழ் நோட்டீஸ் வந்தது, பழைய தேதியோடு!

பாதை வரைபடம் வேண்டும் என்று பத்தரமுல்லைப் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, மூன்று தடவை. "சேர் ஃபீல்டுக்குப் போய்ட்டாரு" என்பதுதான் மூன்று தடவையும் பதில். அப்புறம்தான் புத்தி வந்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கையில் கொடுத்து, கிடைத்தது என்று ஒரு துண்டு வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள், அந்தத் துண்டுதான் உயிர். வரைபடம் ஒருவழியாக வந்தது. சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை உண்டா என்றும் கேட்டிருந்தேன். அது 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைக்குத்தானாம். 7 கிலோமீட்டருக்கு இல்லை.

நாரஹேன்பிட்டியில் நில அளவைத் திணைக்களத்துக்குப் போய் 1:50,000 வரைபடத் தாள் ஒன்றும் வாங்கினேன். அதில் அரைக் கிலோமீட்டர் நீளமான எங்கள் ஊர் ஒரு சென்டிமீட்டர். ஆள்காட்டி விரலை வைத்தால் கோயில், கிணறு, மயானம் எல்லாம் மறைந்துவிடும். கோடு போட்டவரைக் குறை சொல்லி என்ன பயன், அவர் கண்ணுக்கு அங்கே வெறும் மணல்.

பெரியம்மாவும் இரண்டு அத்தைகளும் கொழும்புக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுத் தரையில் ஒரு பிரிஸ்டல் போர்டை விரித்து ஊரை வரைந்தோம். சாமி எந்த ஒழுங்கையால் வரும், எந்த இடத்தில் வலை காயும், மாரியில் வெள்ளம் எங்கே வடியும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல என் மகள் கலர் பென்சிலால் போட்டாள். கிணறு எங்கே என்பதில் மட்டும் அரை மணி நேரம் சண்டை. பெரியம்மாவின் கணக்கு அடியில் இல்லை, குடத்தோடு எத்தனை தடவை இளைப்பாறுவது என்பதில் இருந்தது.

4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தபோது மறுப்புக்கு 16 நாள் கொடுத்திருந்தார்கள். சட்டப்படி 14க்குக் குறையக் கூடாது. அதில் ஐந்து நாளைத் தபால் தின்றது. மறுப்பு அமைச்சின் செயலாளருக்குப் போக வேண்டும். ஊரில் பாதிப் பேர் பிரதேச செயலகத்துக்கு அனுப்பத் தயாராக இருந்தார்கள், நல்லவேளை தடுத்தோம். கோயில் தர்மகர்த்தா பெயரில் ஒன்று, காணிக்காரர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒன்று, எல்லாம் பதிவுத் தபாலில்.

விசாரணைக்குப் பெரியம்மா இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்று நல்ல தண்ணிக் கிணறு, மற்றது அதற்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் கிணறு. "குடிச்சுப் பாருங்க ஐயா" என்றார். அதிகாரி குடிக்கவில்லை. கதவருகே நின்ற பியோன் இரண்டையும் குடித்தார். இரண்டாவது போத்தலை வாயில் வைத்ததுமே முகம் கோணியது. அதிகாரி பிரிஸ்டல் போர்டைப் பக்கம் இழுத்து, நீல நிறம் எது என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு முழுக்க மழைத் தண்ணீர் பற்றித்தான். மணலுக்குள் இறங்கும் மழைதான் அந்தக் கிணற்றின் நல்ல தண்ணீர். மேலே கிரவல் கொட்டி இறுக்கினால் அது எங்கே இறங்கும்?

மூன்று மாதம் கழித்து ஆப்புகளைப் பிடுங்கிக் கிழக்கே அடித்தார்கள். கிணறு தப்பியது, பாடு தப்பியது. புதுக் கோடு சித்தப்பாவின் தென்னங்காணி நடுவால் போகிறது. அவர் என்னோடு பேசுவதில்லை. என் மகளின் பிறந்தநாளுக்கும் வரவில்லை.

போன கிழமை புத்தளம் பஸ் கண்டக்டர் ஒருவர் புறக்கோட்டையில் என்னிடம் ஒரு கவரைத் தந்தார். உள்ளே சித்தப்பாவின் காணி உறுதிப் பிரதியும், தென்னை எத்தனை, காய்ப்பது எத்தனை என்று எழுதிய ஒரு கொப்பித் தாளும் இருந்தன. கடிதம் எதுவும் இல்லை. மேலே பென்சிலால் '7ஆம் பிரிவு' என்று மட்டும் எழுதியிருந்தார்.