கேஸ் போச்சுண்ணே!

கத்திரி வெயில் தொடங்கி நான்காவது நாள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அம்மா வந்து கதவைத் தட்டினார். "எந்திரிடா, மாவு பொங்கிருச்சு."

பாதித் தூக்கத்தில் எனக்கு விபரீதம் உறைக்கவில்லை. மாவு பொங்கினால் நல்லதுதானே, பொங்காவிட்டால்தானே இட்லி கல்லாகும் என்று புரண்டு படுத்தேன். "வெளிய வச்ச மாவு இல்லடா, ஃப்ரிட்ஜுக்குள்ள வச்ச மாவு" என்றார். எழுந்துவிட்டேன்.

ஃப்ரிட்ஜின் கீழ்க்கதவைத் திறந்தால், நடுத்தட்டில் எவர்சில்வர் தூக்கின் மூடி ஒரு பக்கமாகத் தலை தூக்கி நிற்கிறது. அதன் இடுக்கிலிருந்து மாவு நுரைத்து இறங்கி, கண்ணாடித் தட்டைத் தாண்டி, காய்கறிப் பெட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. முருங்கைக்காய்க்கு யாரோ வெள்ளையடித்த மாதிரி இருந்தது. முந்தின நாள் வாங்கிய கொத்தமல்லிக் கட்டைக் காணவில்லை. மாவுக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் வைத்திருக்கும் குடும்பம் ஒன்றைக்கூட எனக்குத் தெரியாது. நமக்கெல்லாம் இட்லி மாவுதான் தெர்மாமீட்டர். உள்ளே 4, 5 டிகிரி இருந்தால் சமர்த்தாகத் தூங்கும். அது ஏற ஏற விழித்துக்கொள்ளும். எங்கள் வீட்டு மாவு விழித்து, எழுந்து, நடக்கவே தொடங்கியிருந்தது.

ஆனால் மேலே ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ் கட்டி கல் மாதிரி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிய வஞ்சிரத் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் டைல்ஸ் சத்தம் வந்தது. மேலே ஊட்டி, கீழே மதுரை. ஒரே பெட்டிக்குள் எப்படி இது?

ஒன்பது மணிக்குள் விஷயம் தெருவுக்குப் போய், ஆளாளுக்கு வைத்தியம் சொல்லத் தொடங்கினார்கள். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற கீழ்வீட்டு மாமா, "கம்ப்ரஸர் வீக் ஆயிடுத்து" என்றார். ஃப்ரிட்ஜைப் பார்க்காமலே, மாடிப்படியில் நின்றபடியே சொன்னார். மைத்துனன் போனில், "கதவு ரப்பர் லூசா இருக்கும் மாமா, ரூபாய் நோட்டை வச்சுச் சோதிச்சுப் பாருங்க" என்றான். அது உருப்படியான யோசனை. நோட்டைப் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. பத்து ரூபாய் நோட்டைச் சுற்றிச் சுற்றி வைத்து இழுத்தேன். எல்லா இடத்திலும் பிடித்தது. "ஐந்நூறு ரூபாய் வச்சா இன்னும் கரெக்டா தெரியுமாப்பா?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு வேறு ஏதோ கணக்கு.

பதினொரு மணிக்கு மெக்கானிக் தம்பி வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லை. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். ஒரு நிமிடம் கண்ணை மூடினார். நாடி பார்க்கிறார் போலிருக்கிறது.

"கேஸ் போச்சுண்ணே."

"ஃப்ரீசர்ல ஐஸ் உறையுதே தம்பி?"

"அது பழைய ஐஸ்ணே."

பழைய ஐஸ் என்ற சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பழைய சோறு தெரியும், பழைய பாக்கி தெரியும். கேஸ் அடிக்க 3500 ரூபாய் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, ஃப்ரிட்ஜின் ஸ்டிக்கரைத் தேடிப் படித்தேன். குளிரூட்டும் கேஸ் R600a, 45 கிராம் என்று போட்டிருந்தது. நம் கேஸ் சிலிண்டர் குடும்பத்தைச் சேர்ந்த ஐசோபியூட்டேன்தான் அது, தீப்பிடிக்கும் சரக்கு. அதனால் அளவும் அவ்வளவுதான் வைத்திருப்பார்கள். கணக்குப் போட்டால் கிராம் 78 ரூபாய். ஏலக்காய்கூட இந்த விலை இல்லை. நியாயமாகப் பார்த்தால் கூலி கேஸுக்கு மட்டும் இல்லை. கசிவைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வேக்கம் இழுத்து, அதற்கப்புறம் அடைக்கிற வேலை அது. சரியாகச் செய்பவருக்கு அந்தக் காசு கொடுக்கலாம். ஆனால் அந்த கேஸ் ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. எங்காவது ஓட்டை விழுந்தால்தான் போகும்.

பழைய ஐஸா புது ஐஸா என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. ட்ரேயில் இருந்த கட்டிகளைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கட்டி. புத்தம் புது ஐஸ்.

கேஸ் நிஜமாகவே போவதை ஒரு தடவை நேரில் பார்த்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டில் 165 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அந்த ரகத்தில் ஃப்ரீசர் பெட்டியின் சுவரே குளிரூட்டும் குழாய்தான், மெல்லிய அலுமினியத் தகடு. ஐஸ் மண்டிப்போனால் திருகுக் குமிழின் நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அத்தைக்குக் காத்திருக்கிற பழக்கம் கிடையாது. ஐஸில் புதைந்துபோன பால் பாக்கெட்டை எடுக்கக் கத்தியால் குத்தினார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். "பால் பாக்கெட்தான் ஓட்டையாயிருச்சு" என்று அத்தை சொன்னார். பால் சொட்டவே இல்லை. அன்று சாயங்காலமே அப்பாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஐஸில் கத்தி வைக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குலதெய்வ வாக்கு.

சரி, இந்த ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். இது டபுள் டோர், ஐஸ் மண்டாத ரகம். இதில் குளிர் உண்டாகும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஃப்ரீசரின் பின்பக்க பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் 'காயில்' என்கிற குளிர்க் குழாய்ச் சுருள் ஒளிந்திருக்கிறது. அங்கே ஒரு குட்டி விசிறி. அது குளிர்காற்றை ஃப்ரீசருக்குள் ஊதி, ஒரு சந்து வழியாகக் கீழேயும் அனுப்பும். கீழ்த்தட்டுக்கென்று தனிக் குளிர் கிடையாது. மேல்வீட்டில் சமைத்துக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற ஏற்பாடு. ஆக, மேலே குளிர் இருக்கிறது, கீழே வரவில்லை என்றால் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அனுமதி இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் செய்தேன்.

கழற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். கீழ்வீட்டு மாமி, "மாவு, பால், தயிர் எல்லாம் கொண்டு வந்து வச்சுக்கோங்கோ. அது மட்டும் வேண்டாம்" என்றார். 'அது' என்றால் வஞ்சிரம். 'அது' எதிர்வீட்டு அக்காவிடம் போனது. காலி செய்யும்போதுதான் எங்கள் குடும்பத்தின் முழு வரலாறும் வெளியே வந்தது. பாதி எலுமிச்சம்பழம் ஐந்து, வெவ்வேறு வயதில். மகள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது வாங்கிய சொட்டு மருந்து. அவள் இப்போது ஆறாம் வகுப்பு. மூன்று டார்ச் செல், குளிரில் வைத்தால் சார்ஜ் நிற்கும் என்று அப்பா வைத்தது. அப்பா காலமாகி நான்கு வருடமாகிறது. அவற்றை மட்டும் அம்மா வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டை இழுத்தேன். வரவில்லை. மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்தால், பின்னால் ஒரே வெள்ளை. காயில் இருக்கும் இடமே தெரியாமல் பனிக்கட்டி, விசிறியின் இறக்கை வரைக்கும். பிரசாதத் தட்டில் கற்கண்டு அடுக்கிய மாதிரி அத்தனை அழகு. காற்று புகுந்து போக ஊசிமுனை இடமில்லை.

அதைப் பார்த்ததும் இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு வாரமாக இரவில் சமையலறையில் 'கரகர'வென்று சத்தம். எலி என்று முடிவுகட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பொறியில் மசால்வடை வைத்திருந்தேன். வடை காய்ந்ததுதான் மிச்சம். விசிறி ஐஸில் உரசிய சத்தம் அது. இன்னொன்று, கொசு ஒழிப்புப் பணிக்கு வரும் அம்மா. ஏடிஸ் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பதால் ஃப்ரிட்ஜின் பின்பக்க ட்ரேயை டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். போன தடவை வந்தவர், "ட்ரே காஞ்சு சுத்தமா இருக்கே, எல்லாரும் இப்படி இருந்தா டெங்கு எப்படி வரும்?" என்று பாராட்டிவிட்டுப் போனார். நானும் பெருமையாகத் தலையசைத்தேன். அந்த ட்ரே எப்போதும் காய்ந்தே கிடந்தால் சந்தேகப்பட வேண்டுமாம். காயிலில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிடும். பல ஃப்ரிட்ஜ்களில் 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. உருகிய தண்ணீர் ஒரு துளை வழியாக இறங்கி, கம்ப்ரஸர் மேலிருக்கும் ட்ரேயில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். ட்ரேயில் சொட்டுத் தண்ணீர்கூட வந்து விழுவதே இல்லை என்றால் மேலே பனி உருகாமல் இருக்கலாம் என்று அர்த்தம். நோயின் அறிகுறிக்கு நான் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

மகளின் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "தண்ணிக்குப் பக்கத்துல கரண்ட் வேண்டாம்" என்று மனைவி அதைப் பிடுங்கிவிட்டார். அம்மா ஒரு குண்டானில் கொதிக்கும் வெந்நீரைக் கொண்டுவந்து, ஃப்ரீசருக்குள் துணி விரித்து, அதன்மேல் வைத்துக் கதவைச் சாத்தினார். அரை மணிக்கு ஒரு தடவை வெந்நீரை மாற்றினார். நான் செய்ததெல்லாம் தரையைத் துடைத்தது மட்டும். அந்த வடிகால் துளையும் ஐஸால் அடைத்திருந்தது. ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துப் பீய்ச்சினேன். நாலாவது தடவை 'களுக்' என்று உள்வாங்கி, பின்னால் ட்ரேயில் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து கை தட்டினேன்.

இரவு பிளக்கைப் போட்டோம். காலையில் கீழ்த்தட்டுத் தண்ணீர் பாட்டில் பல்லைக் கூசவைத்தது. மூன்று நாள் நான் தெருவில் நிமிர்ந்து நடந்தேன். மெக்கானிக் தம்பி போன் பண்ணி, "அண்ணே, கேஸ் அடிச்சிரலாமா?" என்றபோது, "நானே சரிபண்ணிட்டேன் தம்பி" என்று கொஞ்சம் இழுத்தே சொன்னேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை அம்மா கதவைத் தட்டினார்.

நான் ஐஸை உருக்கினேனே தவிர, ஐஸ் ஏன் உருகாமல் போனது என்று பார்க்கவில்லை. ஓட்டைப் படகில் தண்ணீரை மட்டும் இறைத்த கதை. இந்தத் தடவை மனைவியே விசாரித்து ஒரு பெரியவரை அழைத்துவந்தார். டிவிஎஸ் 50-இல் வந்தார். தகட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, "காயில் முழுக்க ஒரே சீரா வெள்ளை பூத்திருக்கு பாருங்க. கேஸ் கம்மின்னா ஒரு மூலையில மட்டும்தான் பூக்கும்" என்றார். இரண்டே வரியில் 3500 ரூபாய் மிச்சம். அப்புறம் கரண்ட் போக வழி இருக்கிறதா என்று சோதிக்கும் மல்டிமீட்டரை எடுத்தார். ஹீட்டரின் முனைகளில் வைத்தார், எண் ஓடி நின்றது. "ஹீட்டர் உசிரோட இருக்கு." அடுத்து பைமெட்டல் என்று ஒரு வில்லை, பாக்கு அளவுதான். குளிரில் இணைந்து, சூடானால் பிரிந்து, ஹீட்டரை நிறுத்துவது அது. பீப் அடித்தது. கடைசியாக, வெள்ளை ஒயரில் பென்சில் நுனி அளவுக்கு ஒரு தெர்மல் ஃபியூஸ். ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடானால், 70 டிகிரி சொச்சத்தில், ஒரே ஒரு முறை அறுந்து உயிரைக் கொடுக்கும். மீட்டர் மூச்சுவிடவில்லை. இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார், என்னைப் பார்த்தார்.

"இதுதான் செத்துப்போச்சு."

பைமெட்டலும் சந்தேகம்தான், அது சரியான நேரத்தில் பிரியாததால்தான் ஃபியூஸ் போயிருக்கும் என்று இரண்டையும் மாற்றினார். கூலியோடு 750 ரூபாய். "பாத்திரத்தை எல்லாம் நாளைக்கு வைங்க, இன்னைக்குக் காலியா ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் எதிர்வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். "ரொம்ப நாள் வச்சா கெட்டுப்போயிரும்ல." எங்கள் வஞ்சிரம்தான். குழம்பு அபாரம்.

சாயங்காலம் மாமி மாடியேறி வந்தார். முகம் சரியில்லை. "எங்காத்து ஃப்ரிட்ஜும் நேத்துலேர்ந்து கீழே ஜில்லுனே இல்லே. மாமா கேஸ் போயிடுத்துங்கறார்."

டாக்டர் தோரணையில் கீழே போனேன். சட்டைப் பையில் பத்து ரூபாய் நோட்டு தயாராக இருந்தது. தேவைப்படவில்லை. கதவைத் திறந்தால், அவர்கள் சாமான் ஒரு ஓரமாக ஒடுங்கியிருக்க, மூன்று தட்டிலும் எங்கள் டப்பாக்கள். பின்சுவரில் குளிர்காற்று வரும் துளைகளை மறைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி, எங்கள் எவர்சில்வர் தூக்கு உட்கார்ந்திருந்தது.

மெதுவாக முன்னால் இழுத்தேன். மூடி ஒரு பக்கமாகத் தலை தூக்கியிருந்தது.